எந்தக் கோலால் அளப்பது? இந்திய மாநிலங்களின் ஏற்றத்தாழ்வை எண்ணிய கதை

இந்தியாவில் ஆக வறிய மாநிலம் எது எண்டு உங்கட நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 'பீகார்' என்றுதான் பதில் வரும். கேரளா எண்டு ஒருவரும் சொல்ல மாட்டினம். ஆனால் 1971ஆம் ஆண்டில் ஒரு பொருளியல் மாணவரிடம் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், அவர் கேரளாவைக் காட்டியிருக்கக்கூடும்.

அந்த வருசம் புனேயைச் சேர்ந்த வி. எம். தாண்டேகர், நீலகண்ட ரத் என்ற இரண்டு பொருளியலாளர்கள் இந்தியாவின் வறுமை பற்றிய புகழ்பெற்ற ஆய்வொன்றை வெளியிட்டார்கள். ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கு 2,250 கலோரி வேண்டும். அதை வாங்கப் போதுமான அளவுக்குச் செலவழிக்க முடியாதவர் வறியவர். இதுதான் அவர்களுடைய கோல். நேர்மையான, எளிமையான கோல். அதை மாநிலம் மாநிலமாக வைத்துப் பார்த்தபோது ஆக மோசமாக வந்தது கேரளா. அங்கே மிகப் பெரும்பான்மையான மக்கள் கோட்டுக்குக் கீழே விழுந்தார்கள்.

இப்போது இன்னொரு கணக்கு. இந்திய அரசின் நிதி ஆயோக் 2023இல் வெளியிட்ட பல்பரிமாண வறுமை அறிக்கையின்படி (தரவுகள் 2019-21 காலத்தவை) பீகாரில் 33.76 சதவீதமானோர் வறியவர்கள். கேரளாவில் 0.55 சதவீதம். நாட்டிலேயே ஆகக் குறைவு.

ஐம்பது வருசத்தில் கேரளா மாறியது உண்மைதான். ஆனால் கதை அது மட்டுமில்லை. 1971இலேயே கேரளாவில் ஆயிரம் பிறப்புகளுக்கு 58 சிசுக்கள் இறந்துகொண்டிருந்தபோது, இந்தியா முழுவதற்குமான எண் 129. நாட்டிலேயே ஆகக் கூடுதலாகப் பட்டினி கிடக்கிற மாநிலத்தில் பிள்ளைகள் பாதிக்கும் குறைவாகச் சாவது எப்படி? அப்போ கோலில் எங்கேயோ பிழை.

பிழையைத் தேடிப் போனவர்கள் திருவனந்தபுரத்தில் இருந்த அபிவிருத்திக் கற்கைகள் நிலையத்துக்காரர். கே. என். ராஜ் தலைமையில் இயங்கிய குழு அது. அவர்களில் ஒருவரான பி. ஜி. கே. பணிக்கர் கேரளக் குடும்பங்கள் உண்மையில் என்ன சாப்பிடுகின்றன என்று பார்த்தார். விடை எங்களுக்கெல்லாம் நன்றாகத் தெரிந்த ஒரு சாமான்: மரவள்ளிக்கிழங்கு. 1880களில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் ஊக்குவித்த பயிர் அது. 1942இல் பர்மா அரிசி வராமல் போனபோது ஏழைகளின் வயிற்றைக் காத்தது. தானியத்தை மையமாக வைத்த கணக்கில் இந்த மலிவான கிழங்கும், வளவில் காய்த்த தேங்காயும் பலாவும் சரியாக விழவில்லை. இந்தக் குழுவின் ஆய்வை ஐக்கிய நாடுகள் சபை 1975இல் வெளியிட்டது. வருமானம் குறைந்த இடத்திலும் எழுத்தறிவும் ஆயுளும் உயரலாம் என்ற வாதத்துக்கு அது ஒரு அடிப்படை நூலாயிற்று.

கேரளாவில் வறுமை இருக்கவில்லை என்று நாங்கள் சொல்லவரவில்லை. நிறைய இருந்தது. நாங்கள் சொல்வது வேறு. ஒரு பெரிய நாட்டின் பிரதேசங்களை ஒரே கோலால் அளக்கும்போது, அந்தக் கோல் எந்த ஊரில் செய்யப்பட்டது, எதைப் பார்க்கிறது, எதைத் தவறவிடுகிறது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். ஏனென்றால் அந்தக் கோலின் பின்னால் காசு போகும், பெயர் போகும், சில வேளை எல்லையே மாறும். இந்தியா இதற்கு நல்ல உதாரணம். அந்த வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

சிறைச்சாப்பாட்டில் தொடங்கிய கணக்கு

இந்தியர்களின் தலா வருமானத்தை முதலில் கணக்கிட முயன்றவர்களில் முக்கியமானவர் தாதாபாய் நௌரோஜி. பின்னாளில், 1892இல், பிரித்தானியப் பாராளுமன்றத்துக்குத் தெரிவானவர். 1876இல் பம்பாயில் அவர் வாசித்த 'இந்தியாவின் வறுமை' என்ற கட்டுரையில், 1867-70 காலத்தில் ஒரு இந்தியருக்கு வருசத்துக்கு 20 ரூபாதான் கிடைத்தது என்று காட்டினார்.

20 ரூபா என்பது கூடவா குறைவா? அதைச் சொல்ல ஒரு ஒப்பீடு வேண்டும். நௌரோஜி எடுத்த ஒப்பீடு அரசாங்கத்தின் சொந்த ஆவணம்: சிறைக் கைதி ஒருவருக்கு உணவுக்கும் உடுப்புக்கும் அரசு செலவழித்த தொகை. குற்றம் செய்து உள்ளே இருப்பவனுக்குக் கிடைப்பதுகூட வெளியே உழைக்கும் சராசரி மனிதனுக்குக் கிடைக்கவில்லை என்று அவர் வாதிட்டார். வறுமைக்கோடு என்ற சொல் வருவதற்கு முதலே வந்த வறுமைக்கோடு இது.

இதில் அதிகம் பேசப்படாத விசயம் ஒன்று இருக்கிறது. நௌரோஜி இந்தக் கணக்கை மாகாணம் மாகாணமாகத்தான் போட்டார். பஞ்சாப், வங்காளம், மதராஸ், பம்பாய் என்று ஒவ்வொன்றுக்கும் வேறு விளைச்சல், வேறு விலை, வேறு சிறைச்செலவு. மாகாணங்களுக்கிடையில் பெரிய வித்தியாசங்கள் தெரிந்தன. ஆனால் அவருடைய சண்டை லண்டனோடு. ஆகவே எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாக்கினார். அந்த 20 ரூபா அரசியலில் நின்றது. மாகாண வித்தியாசங்கள் பின்னால் போய்விட்டன.

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. இனி வெளியில் குற்றவாளி இல்லை. பங்கு பிரிக்க வேண்டியது வீட்டுக்குள்ளேயே. 1950இல் மகலனோபிசின் முயற்சியால் தேசிய மாதிரி அளவீடு தொடங்கியது. அளவீட்டாளர்கள் வீடு வீடாகப் போய், கடந்த மாதம் என்ன வாங்கினீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்கள். தாண்டேகரும் ரத்தும் பாவித்ததும் இந்த அளவீட்டின் தரவுகளைத்தான்.

வருமானம் எந்த ஊரின் கணக்கில் எழுதப்படுகிறது?

மாநிலங்களை ஒப்பிட இன்றுவரை ஆக அதிகம் பாவிக்கப்படும் எண் தலா வருமானம். ஒரு மாநிலத்துக்குள் ஒரு வருசத்தில் உற்பத்தியானவற்றின் பெறுமதியை எடுத்து, அதை அங்குள்ள சனத்தொகையால் பிரிப்பது. கேட்க நேரானதாக இருக்கிறது. ஆனால் 'மாநிலத்துக்குள்' என்ற சொல்லில் ஒரு சிக்கல் உண்டு.

பீகாரின் ஒரு கிராமத்தில் இருந்து ஒரு இளைஞன் திருப்பூர் பனியன் கம்பனிக்கு வேலைக்குப் போகிறான் என்று வையுங்கள். அவன் தைக்கிற சட்டையின் பெறுமதி தமிழ்நாட்டின் கணக்கில் ஏறும். அவன் ஊருக்கு அனுப்புகிற காசு பீகாரின் உற்பத்திக் கணக்கில் ஏறாது. ஆனால் அந்தக் காசில்தான் வீட்டில் அரிசி வாங்குகிறார்கள், கூரை போடுகிறார்கள், தங்கச்சி பள்ளிக்கூடம் போகிறாள். வளைகுடாவில் இருந்து கேரளாவுக்கு வருகிற காசுக்கும் இதே கதைதான்.

அப்போ உற்பத்திக்குப் பதிலாக மக்கள் செலவழிப்பதைப் பார்த்தால்? படம் அப்படியே மாறுகிறது. பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, பீகாரின் தலா வருமானம் 2023-24இல் தேசிய சராசரியின் மூன்றில் ஒரு பங்குதான், சுமார் 33 சதவீதம். ஆனால் 2022-23 வீட்டுச் செலவு அளவீட்டில், கிராமப்புற பீகாரில் ஒருவரின் மாதச் செலவு 3,384 ரூபா. கிராமப்புற இந்தியாவின் சராசரி 3,773 ரூபா. அதாவது கிட்டத்தட்ட 90 சதவீதம்.

ஒரே மாநிலம். ஒரு கோலில் மூன்றில் ஒன்று, இன்னொரு கோலில் பத்தில் ஒன்பது. இதில் எது உண்மை? இரண்டும்தான். ஆனால் இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான விடை. உற்பத்திக் கணக்கு 'இந்த ஊரில் வேலை இருக்கா?' என்று கேட்கிறது. செலவுக் கணக்கு 'இந்த ஊர்க்காரர் எப்படிச் சீவிக்கினம்?' என்று கேட்கிறது. இந்த இடைவெளியின் ஒரு பகுதிதான் வெளியூர் போனவர்களின் உழைப்பு. மற்றப் பகுதிக்கு வேறு காரணங்களும் உண்டு. கம்பனி இலாபம் மாநில வருமானத்தில் இருக்கும், ஒரு வீட்டின் செலவில் இருக்காது. பெரிய பணக்காரர் அளவீட்டாளருக்குக் கதவு திறப்பதும் குறைவு. அதோடு கிராமத்தைக் கிராமத்தோடு ஒப்பிட்டால், பீகாரில் நகரங்களே குறைவு என்ற உண்மை மறைந்துபோகும்.

இதை வகுப்பறை விவாதம் எண்டு நினைக்காதேங்கோ. பீகார் தனக்குச் சிறப்பு அந்தஸ்து வேண்டும் என்று 2012-13 காலத்தில் பாட்னாவிலும் டெல்லியிலும் பெரிய பேரணிகள் நடத்தியது. மத்திய அரசு ரகுராம் ராஜன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 2013 செப்டெம்பரில் அந்தக் குழு தன் சுட்டெண்ணை வெளியிட்டது. வீட்டுச் செலவு, கல்வி, சுகாதாரம், வீட்டு வசதிகள், வறுமை வீதம், பெண் எழுத்தறிவு, பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினரின் பங்கு, நகரமயம், வங்கிச் சேவை, போக்குவரத்துத் தொடர்பு என்று பத்துக் குறிகாட்டிகள். இதில் ஆகப் பின்தங்கியதாக வந்தது ஒடிசா. பீகார் இரண்டாவது. ஆகக் குறைந்த பின்தங்கல் கோவாவுக்கு, அதற்கடுத்து கேரளாவுக்கு.

அந்தக் குழுவிலேயே ஒருவர் இதற்கு உடன்படவில்லை. பாட்னாவைச் சேர்ந்த பொருளியலாளர் சைபால் குப்தா தன் மறுப்பை எழுத்தில் கொடுத்தார். வீட்டுச் செலவை எடுத்தது பிழை, தலா வருமானத்தை எடுத்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். ஏன் என்று மேலே உள்ள எண்களே சொல்லும். வெளியூரில் முறிந்து உழைத்து அனுப்புகிற காசு, சொந்த மாநிலத்தை 'அவ்வளவு மோசமில்லை' என்று காட்டிவிடுகிறது. பிள்ளைகள் ஊரை விட்டுப் போனதற்கு அந்த ஊருக்குக் கிடைத்த பரிசு அது!

'நோயாளி' என்று பேர் வைத்த கதை

1980களின் நடுப்பகுதியில் சனத்தொகை ஆய்வாளர் ஆசிஷ் போஸ், பிரதமர் ராஜீவ் காந்திக்காக எழுதிய ஒரு குறிப்பில் ஒரு சொல்லை உருவாக்கினார். பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய நான்கின் ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்து 'பீமாரு'. ஹிந்தியில் 'பீமார்' என்றால் நோயாளி. அதிக பிறப்பு வீதம், அதிக சிசு மரணம், குறைந்த எழுத்தறிவு ஆகியன இந்த நான்கிலும் குவிந்திருந்தன. தரவில் பிழையில்லை. ஆனால் சொல் தரவை விட வேகமாக ஓடியது. கொஞ்ச நாளில் அது ஒரு நிலைமையின் பெயராக இல்லாமல் மக்களின் பெயராகிப் போச்சு.

நோயாளி என்று சொன்னால் நோய் எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. இங்கே ஒரு விசயத்தைச் சொல்ல வேண்டும். 1950களில் மத்திய அரசு சரக்குக் கட்டணச் சமன்பாடு என்ற கொள்கையைக் கொண்டு வந்தது. உருக்கு போன்ற பொருட்களைப் புகையிரதத்தில் எவ்வளவு தூரம் கொண்டுபோனாலும் நாடு முழுக்க ஒரே விலைக்குக் கிடைக்கச் செய்வது. சுரங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஆலைக்கும், ஆயிரம் மைலுக்கு அப்பால் கடற்கரையில் இருக்கிற ஆலைக்கும் ஒரே விலை. இது சமத்துவத்துக்காகச் செய்யப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. தொழில்கள் எல்லா இடத்திலும் பரவட்டும் என்பது நோக்கம்.

ஆனால் நிலக்கரியும் இரும்பும் கிடந்த பீகார், ஒடிசா, மேற்கு வங்கம் போன்ற கிழக்கு மாநிலங்களுக்கு இருந்த ஒரே இயற்கையான சாதகம் இதனால் போனது. மேற்கில் விளைந்த பருத்திக்கு இப்படி ஒரு சமன்பாடு இருக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில்தான் உருக்குக்கான இந்தக் கொள்கை முடிவுக்கு வந்தது. 1960-61இல் மேற்கு வங்கத்தின் தலா வருமானம் தேசிய சராசரியின் 127.5 சதவீதமாக இருந்தது; 2023-24இல் 83.7. பீகார் சுமார் 70 சதவீதத்திலிருந்து 33க்கு இறங்கியது. இதற்கெல்லாம் சரக்குக் கட்டணம் மட்டும்தான் காரணம் என்றால் அது மிகை. நில உடைமை, சாதி ஒடுக்குமுறை, ஆட்சியின் தோல்வி, வெள்ளம் எல்லாம் உண்டு. ஆனால் இந்த வரலாறு எந்தச் சுட்டெண்ணிலும் ஒரு நிரலாக வராது.

இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். 1960இன் பீகாரும் இன்றைய பீகாரும் ஒன்றில்லை. 2000ஆம் ஆண்டில் ஜார்க்கண்ட் தனி மாநிலமானபோது சுரங்கங்களும் உருக்காலைகளும் அந்தப் பக்கம் போய்விட்டன. கீழே வரும் கோட்டைப் பார்க்கும்போது, கோட்டின் பெயர் மட்டும்தான் மாறாமல் இருக்கிறது என்பதையும் ஞாபகம் வைத்திருக்க வேண்டும்.

சராசரிக்குள் ஒளிந்தவர்கள்

மாநிலம் என்பதே பெரிய அலகு. உத்தரப் பிரதேசத்தின் சனத்தொகை 2011 குடிசன மதிப்பீட்டில் கிட்டத்தட்ட 20 கோடி. கோவாவில் சுமார் 15 இலட்சம். மாநிலங்களுக்கிடையிலான ஏற்றத்தாழ்வு கூடியதா குறைந்ததா என்று கணக்கிடும்போது இரண்டையும் சமமாக எடுப்பதா, சனத்தொகைக்கு ஏற்ப எடை கொடுப்பதா? பொருளியலாளர் ஜெஃப்ரி வில்லியம்சன் 1965இல் பல நாடுகளை ஒப்பிட்ட தன் ஆய்வில் சனத்தொகை எடையைப் பாவித்தார். எடை கொடுக்காவிட்டால் சின்ன மாநிலம் ஒன்று திடீரென்று பணக்காரராவது முழு நாட்டின் ஏற்றத்தாழ்வாகத் தெரியும். எடை கொடுத்தால், கோடிக்கணக்கான ஆக்கள் சீவிக்கிற இடத்தில் என்ன நடக்குது என்பது முன்னுக்கு வரும்.

ஆனால் எடை கொடுத்தாலும் மாநிலத்துக்கு உள்ளே இருக்கிற பள்ளம் தெரியாது. மகாராஷ்டிரா இந்தியாவின் பணக்கார மாநிலங்களில் ஒன்று. அந்தச் சராசரிக்குள் மும்பையும் இருக்கிறது, விதர்ப்பாவின் காட்டு மாவட்டமான கட்சிரோலியும் இருக்கிறது. 1983இல் மாநில அரசு இதை அளக்க ஒரு குழுவை அமைத்தது. தலைவர் யார் தெரியுமா? எங்கட பழைய வி. எம். தாண்டேகர்தான்.

இந்த முறை அவர் கோலை வேறு மாதிரிச் செய்தார். வருமானத்தை விட்டுவிட்டு வீதி, நீர்ப்பாசனம், கிராம மின்சாரம், கல்வி, வைத்தியசாலை, குடிநீர் போன்ற அரசு செய்ய வேண்டிய வேலைகளை எடுத்தார். ஒவ்வொன்றிலும் மாநிலச் சராசரி எவ்வளவு, இந்த மாவட்டம் அதற்கு எவ்வளவு கீழே, அந்தக் குறையை நிரப்ப எவ்வளவு காசு வேண்டும்? இந்தக் குறைக்கு அவர்கள் வைத்த பெயர் 'நிலுவை'. 1984இல் வந்த அறிக்கையின்படி மொத்த நிலுவை 3,000 கோடி ரூபாவுக்கு மேல்.

நிலுவை என்ற சொல்லைக் கவனியுங்கள். 'பின்தங்கிய' என்றால் குறை அந்த மாவட்டத்துடையது. 'நிலுவை' என்றால் அரசு அந்த மாவட்டத்துக்குக் கடன்பட்டிருக்கிறது. எங்களுக்குப் பிடித்த இடம் இது. ஆனால் முடிவு இனிப்பானதில்லை. 1994இல் விதர்ப்பாவுக்கும் மராத்வாடாவுக்கும் சட்டரீதியான அபிவிருத்திச் சபைகள் அமைந்தன. அதன்பின் இன்னொரு குழு மீண்டும் கணக்குப் பார்த்தபோது, நிலுவை குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தது. ஏனென்றால் முன்னே நின்ற மாவட்டங்கள் நின்ற இடத்தில் நிற்கவில்லை.

தெலங்கானாவில் இந்தக் கணக்கு எல்லையையே மாற்றியது. தங்கள் வரிப்பணம் ஆந்திரக் கரையோரத்துக்குப் போகிறது என்று 1969இல் போராட்டம் வெடித்தது. மத்திய அரசு நீதிபதி பார்கவா தலைமையில் குழு போட்டு, தெலங்கானாவின் உபரி எவ்வளவு என்று கணக்குப் பார்க்க வைத்தது. நாற்பது வருசத்துக்குப் பிறகு, 2010இல், நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு முழுவதையும் மறுபடி அளந்தது. ஹைதராபாத்தைச் சேர்த்தால் தெலங்கானா முன்னே. விட்டுவிட்டுப் பார்த்தால் கரையோரத்துக்குப் பின்னே. ராயலசீமா என்ற மூன்றாவது பகுதிதான் உண்மையில் மிகவும் நலிந்து கிடந்தது. ஆனால் அதற்கு ஒரு தலைநகரும் இல்லை, அதே வேகத்தில் ஒரு இயக்கமும் இல்லை. 2014இல் தெலங்கானா பிறந்தது. மக்கள் எழும்பியது சராசரியைப் பார்த்து மட்டுமல்ல; யார் தண்ணீரை, யார் உத்தியோகத்தை எடுக்கிறார்கள் என்பதைப் பார்த்து. அதைப் புள்ளிவிபரம் பாதிதான் பிடித்தது.

கோலும் காசும்

இனி காசு. 1969இல் திட்டமிடல் ஆணைக்குழுவின் துணைத்தலைவராக இருந்த டி. ஆர். காட்கில், மத்திய அரசின் திட்ட உதவியை மாநிலங்களுக்குப் பங்கிட ஒரு சூத்திரம் தந்தார். சனத்தொகைக்கு 60 சதவீதம். தேசிய சராசரிக்குக் கீழ் வருமானமுள்ள மாநிலங்களுக்கு என்று ஒதுக்கியது 10 சதவீதம் மட்டும். அதற்கு முன்பு டெல்லியில் யாருக்குச் செல்வாக்கோ அவருக்குக் கூட என்ற நிலை இருந்தபடியால், ஒரு எழுதப்பட்ட சூத்திரம் வந்ததே பெரிய முன்னேற்றம்.

வரிப் பங்கீட்டைத் தீர்மானிப்பது நிதி ஆணைக்குழு. அங்கே வருமான இடைவெளிக்கு எடை அதிகம். 15ஆவது ஆணைக்குழு அதற்கு 45 சதவீதம் கொடுத்தது, சனத்தொகைக்கு 15. ஆனால் எந்த வருசத்துச் சனத்தொகை? சனத்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலம் தண்டிக்கப்படக் கூடாது என்பதற்காக நீண்ட காலம் 1971இன் எண்ணே பாவிக்கப்பட்டது. 15ஆவது ஆணைக்குழு முழுமையாக 2011இன் எண்ணுக்கு மாறியது. ஈடாக, பிறப்பு வீதத்தைக் குறைத்தவர்களுக்கு என்று 12.5 சதவீதத்தை ஒதுக்கியது. அப்படியும் கேரளாவின் பங்கு 2.5 சதவீதத்திலிருந்து 1.925க்கு இறங்கியது. கர்நாடகத்தின் பங்கு 4.713இலிருந்து 3.647க்கு.

தெற்குக்குக் கோபம் வந்தது. பிள்ளைகளைப் படிப்பித்தோம், தாய்மாரைக் காப்பாற்றினோம், குடும்பத்தைச் சுருக்கினோம். அதற்குக் கிடைத்தது இதுவா? பாராளுமன்ற ஆசனங்களை மாநிலங்களுக்குப் பிரிப்பதிலும் இதே பயம்தான். 1976இல் 1971 எண்ணில் உறைய வைத்த பங்கீடு அது. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கு. ஆனால் பீகாரில் பிறந்த ஒரு பிள்ளை தான் எங்கே பிறக்க வேண்டும் என்று தெரிவு செய்யவில்லை. 2011இல் கேரளப் பெண்களின் எழுத்தறிவு 92 சதவீதம், பீகாரில் 51.5. அந்த இடைவெளியை மூடாமல் 'நாங்கள் நல்லாச் செய்தோம்' என்று சொல்வது அரைவாசி நியாயம்தான். இரண்டு நியாயத்தையும் ஒரே எண்ணுக்குள் அடக்க முடியாது. சூத்திரம் எழுதுவது கணக்குவேலை போலத் தெரியும். உண்மையில் அது யாருக்கு யார் என்ன கடமைப்பட்டிருக்கிறோம் என்ற பேச்சுவார்த்தை.

எண்ணப்படாமல் விடுவது

இவ்வளவும் வாசித்த பிறகு சிலருக்கு ஒரு எண்ணம் வரலாம்: எல்லாக் கோலும் பிழையென்றால் அளவையே விட்டால் என்ன? நாங்கள் அதற்கு உடன்பட மாட்டோம்.

கோல்கள் மேம்பட்டிருக்கின்றன. 1979இல் மொரிஸ் டேவிட் மொரிஸ் எழுத்தறிவு, சிசு மரணம், ஆயுள் எதிர்பார்ப்பு மூன்றையும் சேர்த்து ஒரு வாழ்க்கைத்தரச் சுட்டெண் செய்தார். வருமானம் குறைந்தாலும் உயர்ந்த புள்ளி பெற்ற இடங்களாகக் கேரளாவும் எங்கட இலங்கையும் அப்போது பேசப்பட்டன. 1990இல் மஹபூப் உல் ஹக்கும் அமர்த்தியா சென்னும் மனித அபிவிருத்திச் சுட்டெண்ணைக் கொண்டு வந்தார்கள். 1995இல் இந்திய மாநிலங்களில் முதன்முதலாக மனித அபிவிருத்தி அறிக்கை வெளியிட்டது எது தெரியுமா? 'நோயாளி' என்று பேர் வாங்கிய மத்தியப் பிரதேசம். தன் குறையைத் தானே எண்ணி வெளியிட்டது.

இன்றைய பல்பரிமாணச் சுட்டெண் ஊட்டச்சத்து, பள்ளி வருகை, மலசலகூடம், சமையல் எரிபொருள், வங்கிக் கணக்கு என்று 12 விசயங்களைப் பார்க்கிறது. அதன்படி பீகாரின் வறுமை 2015-16இல் சுமார் 52 சதவீதமாக இருந்து 33.76 ஆகக் குறைந்திருக்கிறது. இது சின்ன விசயமில்லை. ஆனால் இங்கேயும் கேள்வி கேட்கலாம். கணக்குத் திறந்தால் புள்ளி கிடைக்கும், கணக்கில் காசு இல்லாவிட்டாலும். எந்தக் குறிகாட்டிக்குப் புள்ளி உண்டோ அதை நிரப்புவதில் அரசுகள் கெட்டித்தனம் காட்டும். ஊரில் வேலை இருக்கா என்ற கேள்வி இந்தப் பன்னிரண்டில் இல்லை.

இருந்தும், அளக்காமல் விடுவது இதைவிட மோசம். இந்தியாவில் 2021இல் நடக்க வேண்டிய குடிசன மதிப்பீடு நடக்கவில்லை. 2027க்குத் தள்ளிப் போனது. 2013இன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராமத்தில் 75 சதவீதம், நகரத்தில் 50 சதவீதம் வரையானோருக்கு மலிவு தானியம் தருகிறது. ஆனால் அந்தச் சதவீதம் 2011இன் சனத்தொகையில் இருந்து எடுக்கப்படுகிறது. அதற்குப் பிறகு கூடிய சனத்துக்கு மொத்த ஒதுக்கீட்டில் இடமில்லை. வேகமாகச் சனத்தொகை கூடும் மாநிலங்களுக்குத்தான் இதில் அடி அதிகம். அவைதான் பெரும்பாலும் வறிய மாநிலங்கள்.

எண்ணப்படாமல் விடுவது என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. இலங்கையில் 1981க்குப் பிறகு முழு நாட்டையும் எண்ணிய குடிசன மதிப்பீடு 2012இல்தான் நடந்தது. 1991இல் நடக்கவே இல்லை. 2001இல் வடக்குக் கிழக்கின் பெரும்பகுதியில் முடிக்க முடியவில்லை. யுத்த காலத்தின் 'தேசிய' சராசரிகள் பலவற்றில் எங்கட ஊர்கள் இல்லை. அந்தச் சராசரிகளை வைத்துத்தான் நாடு முன்னேறுகிறது என்று பேசினார்கள்.

ஆகவே எங்கட நிலைப்பாடு இதுதான். ஒரு சுட்டெண் கையில் கிடைத்தால் முதலில் யார் முதலாவது, யார் கடைசி என்று பார்க்காதேங்கோ. எதை எண்ணியிருக்கினம்? யாருடைய உழைப்பு எந்த ஊரின் கணக்கில் விழுந்திருக்கு? சராசரியின் எல்லையை எங்கே போட்டிருக்கினம்? இந்த எண்ணை வைத்து யாருக்குக் காசு போகுது? இந்த நாலையும் கேளுங்கள். 1971இன் கணக்கைத் திருத்தியது ஒரு பெரிய கோட்பாடு இல்லை. அந்த மண்ணில் இருந்தவர்கள் தங்கட சட்டியில் என்ன வேகுது என்று எடுத்துக் காட்டினார்கள். அதற்கு ஒரு ஆய்வு நிலையமும், தரவை எல்லோருக்கும் திறந்து வைத்த ஒரு அளவீடும், சொன்னதைக் கேட்கிற ஒரு சபையும் இருந்தன. அந்த மூன்றும் இருக்கிற இடத்தில் பிழையான கோலையும் திருத்தலாம். இல்லாத இடத்தில் சரியான கோல்கூட ஆட்சியாளரின் கைத்தடிதான்.